சம்மன் ஒட்ட ஓர் இடம்

நீதிமன்றத்துச் சம்மன்காரர் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே மேல்மாடி இயந்திரம் நின்றுவிடுகிறது. எப்படி என்பதுதான் தராசக்காவுக்குப் பிடிபடவில்லை.

அவர் படியேறும் சத்தம் கேட்டு நின்றால் அதில் ஆச்சரியம் இல்லை. அவர் பாதிப் படியில் நின்று ஊருக்கே கேட்கும்படி மூச்சு வாங்குகிற ஆள். ஜன்னல் வழியாக அவர் தலையைப் பார்த்து நின்றாலும் சரிதான். ஆனால் அவர் இன்னும் எங்கோ போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். அப்போதே, காலையிலிருந்து 'தடக், தடக்' என்று தலைக்கு மேல் இடித்துக்கொண்டிருந்தது கப்பென்று வாயை மூடிக்கொள்ளும். பின்பக்க இரும்புப் படியில் யாரோ இறங்கிப் போகும் சத்தம் கேட்கும். அதற்கப்புறம்தான் சம்மன்காரர் வருவார். மேலே போய்க் கதவைத் தட்டுவார், கம்பிக் கதவின் பூட்டை ஆட்டிப் பார்ப்பார், "கதவு பூட்டியிருந்தது, பிரதிவாதி இல்லை" என்று சம்மனின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு இறங்குவார். அவர் போன சற்று நேரத்தில் மறுபடியும் தடக், தடக்.

ஒரு முறை என்றால் தற்செயல் என்று விட்டிருப்பாள். இரண்டாம் முறையும் அச்சு அசலாக அப்படியே நடந்தது.

"யாரோ முன்கூட்டியே சொல்லிடறாங்க," என்றாள் வக்கீலம்மாவிடம் ஃபோனில்.

"யாருக்கா சொல்லப்போறாங்க? சம்மன்காரர் வர்றது யாருக்குத் தெரியும்?"

அதைத்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

தராசக்கா என்பது தெரு வைத்த பெயர். நகைக்கடை, மருந்துக் கம்பெனி, ரசாயன ஆய்வுக்கூடம் என்று எடையில் இம்மி பிசகக் கூடாத இடங்களிலிருந்தெல்லாம் எடைக்கற்கள் அவளிடம் வரும். 'ஒரு கிராம்' என்று பொறித்த கல் உண்மையிலேயே ஒரு கிராம்தானா என்று பார்த்துச் சான்று கொடுப்பது அவள் தொழில். அதற்கென்றே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு. ஒரு துண்டுக் காகிதத்தை அதில் நிறுத்துவிட்டு, வெளியே எடுத்துப் பென்சிலால் ஒரு கையெழுத்துப் போட்டு மறுபடி வைத்தால், அந்தக் கையெழுத்தின் எடையை அது சொல்லிவிடும்.

அப்பேர்ப்பட்ட தராசுக்கு எல்லாமே தொந்தரவுதான். பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டால் எண் ஆடும். கை சூட்டோடு கல்லைத் தொட்டு வைத்தால் ஆடும். லாரி ஒன்று தெருவில் போனாலும் ஆடும். அதனால் தராசை ஒரு கனத்த கல்மேசையில் வைத்திருந்தாள். மேசையின் கால்கள் அறையின் தரையைத் தொடாது. தரையில் ஓட்டை விட்டு, கீழே தனியாக அஸ்திவாரம் போட்டு அதன்மேல் நிறுத்தியவை. யாராவது தொம் தொம்மென்று நடந்தால் தரை அதிரும், மேசை அதிராது. அறையின் சூடு ஏறவும் இறங்கவும் கூடாது என்பதால் ஏ.சி. இரவு பகல் என்று ஓடும். அதுவும் நின்று நின்று ஓடுகிற வகை இல்லை. மெதுவாகவாவது ஓடிக்கொண்டே இருக்கிற வகை.

தரையிலிருந்து வரும் அதிர்வை இப்படித் தடுத்தாயிற்று. மேலிருந்து வருவதை என்ன செய்வது?

மேல்மாடிக்குப் பெட்டிக்காரர் வாடகைக்கு வந்தார். செருப்புக்கும் மருந்துக்கும் அட்டைப்பெட்டி செய்பவர். பெட்டியைப் பிரித்து விரித்தால் என்ன வடிவம் வருமோ, அந்த வடிவத்தில் கத்திகள் பதித்த கனமான பலகை ஒன்று அவருடைய இயந்திரத்தில் உண்டு. அது இறங்கி ஒரு அழுத்து அழுத்தினால் அட்டை வெட்டுப்படும். அந்த அழுத்து ஒவ்வொன்றும் மேல்தளத்தில் இறங்கி, சுவர் வழியாக மண்ணுக்குப் போய், மண் வழியாகக் கல்மேசையின் காலைப் பிடித்துவிட்டது. தராசின் கடைசி இரண்டு எண்களும் நிலைகொள்ளாமல் குரங்காட்டம் போட்டன.

இயந்திரத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். "உங்க தராசு தூங்கறதுக்காக நான் பட்டினி கிடக்கணுமா?" என்று அவர் சிரித்தார். வேறு வழியில்லாமல், அந்த மாடியில் அந்த இயந்திரத்தை ஓட்டக் கூடாது என்று தடை கேட்டு வழக்குப் போட்டாள்.

அவசரம் அவளுக்குத்தான். அறைக்கு அங்கீகாரம் கொடுக்கும் குழு சோதனைக்கு வரப்போகிறது. அவர்கள் வந்து நிற்கும்போது கடைசி எண் நிலைக்காவிட்டால் அங்கீகாரத்தை எடுத்துவிடுவார்கள். அது போனால் அவள் கொடுக்கும் சான்றை ஒரு கடைக்காரரும் சீண்ட மாட்டார். அஸ்திவாரத்தோடு மேசையைப் பெயர்த்துக்கொண்டு வேறு இடம் போவதும் நடக்கிற காரியமில்லை. போதாக்குறைக்கு, சோதனை வருவது நீதிமன்றத்தின் நீண்ட விடுமுறைக்கு நடுவில். அதற்கு முன் தடை வாங்கினால் உண்டு, இல்லாவிட்டால் அறை போயிற்று.

தடை வேண்டுமென்றால் விசாரணை நடக்க வேண்டும். விசாரணை நடக்க வேண்டுமென்றால் பெட்டிக்காரர் கையில் சம்மன் சேர வேண்டும். 'உன்மேல் இப்படி ஒரு வழக்கு வந்திருக்கிறது, இந்தத் தேதியில் வந்து பதில் சொல்' என்று ஒருவருக்குத் தெரிவிக்காமல் அவர்மேல் உள்ள வழக்கைக் கேட்க நீதிமன்றத்துக்கு மனம் வராது. வரவும் கூடாது. நாளைக்கு யாரோ நம்மேல் வழக்குப் போட்டு நமக்கே தெரியாமல் தீர்ப்பு வாங்கினால் நாம் சும்மா இருப்போமா? தராசக்காவுக்கு அந்த நியாயம் புரிந்தது. புரிந்ததால் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

சம்மன்காரருக்குப் பெட்டிக்காரரின் முகம் தெரியாது. அதனால் கிளம்பும்போது அவளுக்கு ஃபோன் செய்வார். அவள் கூடப் போய் ஆளைக் காட்ட வேண்டும். ஆக, அவர் வருவது தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அவர், அவள், முன்கூடத்தில் உட்கார்ந்து அவள் ஃபோனில் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் கொழுந்தன்.

தராசக்காவின் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறவர். அவர் தம்பிதான் எடைக்கற்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பவன். வாய்த்துடுக்கு உண்டே தவிர, இத்தனை நாளில் ஒரு கல்லைக் கீழே போட்டதில்லை. ஆனால் இரண்டாம் முறைக்குப் பிறகு அவள் அவனைப் பார்த்த பார்வையே வேறாகிவிட்டது. அவன் புதுச் செருப்பு போட்டிருந்தான். அது பெட்டியோடு வந்திருந்தது. அந்தப் பெட்டி யார் செய்தது?

மாடிப்படியில் கையில் அட்டைக் கட்டோடு அவன் இறங்கி வருவதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எங்க போயிட்டு வர்றே?"

"மேல, அண்ணி. கல்லு சுத்த அட்டை வேணுமே."

"நாம கேஸ் போட்டிருக்கிற ஆள்கிட்டயே ஓசி அட்டையா?"

"கேஸ் உங்களுக்கும் அவருக்கும். அட்டை என்ன பாவம் பண்ணுச்சு? வாசல்ல மூட்டையா போட்டிருந்தார், எடுத்துக்கிட்டு வந்தேன்."

"அவர் இருந்தாரா?"

"இருந்தார். 'உங்க அண்ணி சௌக்கியமா'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"நீங்க அவரைப் பத்தியே நெனச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு சொன்னேன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஃபோன் வந்தால் எடை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

எடை பார்ப்பதில் ஒரு முறை உண்டு. இரண்டு கல்லில் எது தப்பு என்று தெரியாவிட்டால், ஒன்றை எடுத்துவிட்டு மற்றதெல்லாம் அப்படியே இருக்க மறுபடி நிறுப்பது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். தராசக்கா ஆட்களையும் அப்படியே நிறுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். மூன்றாம் முறை சம்மன் வரும் நாளில், கொழுந்தனை அடுத்த ஊர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். சம்மன் பற்றி அவனிடம் மூச்சு விடவில்லை.

முன்பகலில் சம்மன்காரர் ஃபோன் செய்தார். "கிளம்பிட்டேன்மா."

அவள் வழக்கமான ஏற்பாடுகளில் இறங்கினாள். 'இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, தராசு ஆடியது' என்று சம்மன்காரர் தன் கண்ணால் பார்த்துக் குறிப்பெழுதினால் வழக்குக்கு நல்லது என்று அவளுக்கு முதலிலிருந்தே ஒரு ஆசை. ஆனால் நாளைக்கு எதிர்த்தரப்பு, 'ஆடினது உங்க ஏ.சி. காத்துல' என்று சொல்லிவிடக் கூடாதே! அதனால் அவர் கிளம்பினார் என்று தெரிந்ததும் தன் பக்கத்து ஓசை, காற்று எல்லாவற்றையும் அடக்கிவிடுவாள். ஏ.சி.யை அணைப்பாள், காற்றின் ஈரம் இழுக்கும் பெட்டியை அணைப்பாள், முன்கூடத்து மின்விசிறியையும் நிறுத்துவாள். அவர் போன பிறகுதான் எல்லாவற்றையும் மறுபடி போடுவாள். அறைக்குள் சுழலும் காற்று அடங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவர் வந்து சேர்வதற்குள் சரியாக இருக்கும். பிறகு ஆடினால், ஆட்டுவது மேலே இருப்பவர் மட்டுமே.

அறை அடங்கியது. எண்கள் மட்டும் ஆடின. தடக், தடக். கொழுந்தன் ஊரில் இல்லை. இன்றைக்குப் பார்த்துவிடலாம் என்று அவள் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தாள்.

இயந்திரம் நின்றது.

தராசின் எண்கள் ஒரு முறை தடுமாறி, வரிசையாக நின்று, அவளையே பார்த்தன. பின்படியில் காலடிச் சத்தம். சம்மன்காரர் வெகுநேரம் கழித்து வந்தார்.

அப்படியானால் கொழுந்தன் இல்லை. மிச்சம் இருப்பது இவர். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தவரிடம் தண்ணீர் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "வழியில யார்கிட்டயாவது பேசினீங்களா சார்?"

"பேசினேனே. ஒரு ஆட்டோக்காரன் என் கண்ணாடியை உரசிட்டான். நல்லா பேசினேன்."

"இல்ல, மேல இருக்கறவர்கிட்ட..."

அவர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "அம்மா, எனக்கு மூட்டுவலி. இந்தப் படியை ஏறி இறங்கறதுக்கு பதிலா ஒரே தடவைல அவர் கையில குடுத்துட்டா நான் நிம்மதியா வீட்டுக்குப் போவேன். அவரை ஓட விட்டா நான்தானே திரும்ப ஏறணும்? என் எதிரிகூட என்னை அவ்வளவு முட்டாள்னு சொன்னதில்ல."

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. பேச்சு நியாயமாக இருப்பதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அன்று மாலை வக்கீலம்மாவின் மேல்கூட ஒரு கணம் சந்தேகம் வந்தது. வழக்கு இழுத்தால் அவருக்குத்தானே வேலை? அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

நீதிமன்றத்தில் அடுத்த தவணையில் நீதிபதி மூன்று முறை திரும்பி வந்த சம்மனைப் புரட்டிப் பார்த்தார். நேரில் கொடுக்க முடியாவிட்டால் மாற்று வழி உண்டு. வக்கீலம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். கதவில் ஒட்டலாம் என்றார். "மூட்டை மூட்டையாக அட்டை அடுக்கியிருக்கிற வாசல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒட்டியதை அவர் பார்த்தார் என்று நான் எப்படி நம்புவது?" என்றார் நீதிபதி. பத்திரிகையில் விளம்பரம்? "அவர் பத்திரிகையை எடைக்கு வாங்கிப் பெட்டிக்குள் திணிப்பவராக இருக்கலாம்." ஃபோனில் அனுப்பலாமா? பெட்டிக்காரர் எண்ணை மாற்றிவிட்டிருந்தார். புது எண் யாருக்கும் தெரியவில்லை.

"மாற்று வழிக்கு நான் தயார்," என்றார் நீதிபதி. "ஆனால் இரண்டு விஷயம் காட்டுங்கள். ஒன்று, அவர் வேண்டுமென்றே ஒளிகிறார். இரண்டு, நீங்கள் சொல்லும் வழியில் போனால் செய்தி அவரைப் போய்ச் சேரும். இந்த ஆள் எதைப் பார்ப்பார்? அதைச் சொல்லுங்கள். விடுமுறைக்கு முன் இன்னும் ஒரு தவணை தருகிறேன்."

இந்த ஆள் எதைப் பார்ப்பார்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி அவள் கூடவே வந்தது.

அடுத்த நாள் அவள் எடை அறையில் இருந்தபோது ஏ.சி. திடீரென்று நின்றது. ஏன் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேலே இயந்திரமும் நின்றது. பின்படியில் காலடிச் சத்தம்.

சம்மன்காரர் வருகிறாரா? இன்றைக்கு எதற்கு? தெருவை எட்டிப் பார்த்தாள். ஆள் அரவம் இல்லை. அவருக்கு ஃபோன் போட்டாள்.

"எங்க சார் இருக்கீங்க?"

"வீட்டுலதான். முட்டிக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டு இருக்கேன். ஏம்மா, ஓடிட்டாரா?"

முன்கூடத்தில் கொழுந்தன் கற்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். "நீதான் ஏ.சி.யை நிறுத்தினியா?"

"நான் இல்ல. மெக்கானிக் வந்திருக்கார், சுத்தம் பண்ண. சோதனைக்கு வர்றாங்களே, அதுக்கு முன்னாடி பண்ணிடலாம்னு நான்தான் வரச் சொன்னேன். சொன்னா, யாரைக் கேட்டு கூப்பிட்டேன்னு கேப்பீங்க. நீங்கதான் இப்பல்லாம் கதவைச் சாத்திக்கிட்டே இருக்கீங்களே."

அவள் பின் சந்துக்குப் போனாள். ஏணிமேல் மெக்கானிக் நின்றிருந்தார். ஏ.சி.யின் வெளிப்பெட்டி அவள் சுவரில், மேல்மாடி ஜன்னலுக்கு நேர் கீழே, இரும்புத் தாங்கியில் உட்கார்ந்திருந்தது. அது கக்கும் அனல் சந்தில் போகிறவர்கள் முகத்தில் அடிக்கிறது என்று, அவளே ஒரு தகரத்தை வளைத்துக் முறம்போல் சாய்வாக அதன் முன்னால் மாட்டிக் காற்றை மேல்பக்கம் திருப்பிவிட்டிருந்தாள். அந்தக் காற்று எங்கே போகிறது என்று அவள் பார்த்ததே இல்லை.

"மேல என்னக்கா இது, துணி காயப்போட்ட மாதிரி?" என்றார் மெக்கானிக்.

அண்ணாந்து பார்த்தாள். ஜன்னல் கம்பிகளில் கயிறு கட்டி, பசை தடவிய அட்டைகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அசையாமல், சப்பென்று.

"வேலை முடிஞ்சா போட்டு விடுங்க," என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு மாதிரி கேட்டது.

மெக்கானிக் ஓடவிட்டார். தகரத்தில் மோதிய அனல் மேலே எழுந்தது. அட்டைகள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின. அவள் சந்திலேயே நின்றாள். பெட்டிக்காரர் தெருமுனைக் கடையிலிருந்து மெல்ல வந்து, சந்துக்குள் தலையை நீட்டி, ஆடும் அட்டைகளை அண்ணாந்து பார்த்தார். தராசக்கா ஏணிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். அவர் படியேறினார். தடக், தடக்.

அவள் உள்ளே ஓடிப்போய் ஏ.சி.யை அணைத்தாள். இயந்திரம் நின்றது. போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஓடியது. மறுபடி அணைத்தாள். நின்றது.

ஏ.சி. அனலில் ஓசியில் அட்டை காயவைக்கிற மனிதருக்கு, அது நின்றால் முதலில் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? முதல் தடவை, அட்டை காயாமல் வேலை தடைப்பட்டு, இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தெருமுனைக் கடைக்கு இறங்கியிருப்பார். அங்கிருந்து பார்க்க, நீதிமன்றத்து ஆள் வண்டியை நிறுத்திவிட்டுத் தன் மாடிக்கு ஏறுவது தெரிந்திருக்கும். அதற்கப்புறம் அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இரவு பகலாக ஓடும் ஏ.சி. வேலை நேரத்தில் நின்றதா, சம்மன் வருகிறது. அவ்வளவுதான். மூன்று பேரில் இரண்டு பேரைத்தான் தராசக்கா நிறுத்துப் பார்த்திருந்தாள். தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவள் தன் மூச்சையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தெரிந்தவள், இதில் தன்னை எடுக்க மறந்துவிட்டாள்.

"சொல்லிக்குடுத்தது நான்தான்," என்றாள் கொழுந்தனிடம்.

"என்னது?"

"நான்தான் ஒவ்வொரு தடவையும் அவருக்கு மணி அடிச்சிருக்கேன்." முழுவதையும் சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சேர்த்துச் சொன்னாள்: "உன்மேல சந்தேகப்பட்டேன்டா."

"அது தெரியும். என் செருப்பை அப்படிப் பார்த்தீங்களே, நானே ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன், அடியில ஏதாவது ஒட்டியிருக்கான்னு." பிறகு, "அண்ணன்கிட்ட சொல்லலையே?" என்றான்.

"இல்ல."

"நல்லவேளை. கப்பல்லேர்ந்து குதிச்சிருப்பார்."

அன்று மாலை இருவரும் வக்கீலம்மாவின் அறையில் இருந்தார்கள். வக்கீலம்மா கதையைக் கேட்டுவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். "அப்ப ஏ.சி.யை ஓடவிட்டுட்டு சம்மன்காரரை அனுப்பலாமே? இந்தத் தடவை மாட்டுவார்," என்றாள் தராசக்கா.

"அனுப்பலாம். ஆனா கதவு உள்பக்கம் பூட்டியிருக்கும். சம்மன்காரர் மூச்சு வாங்கறதுலயே அவருக்குத் தெரிஞ்சுடும், பின்படியில இறங்கிடுவார். அப்புறம் ஏ.சி. ஓடினாலும் நம்ப மாட்டார். நம்மகிட்ட இருக்கிறது ஒரே ஒரு துருப்பு அக்கா. அதைக் கதவுல வீணடிக்கணுமா?"

"பேசாம சம்மனை ஏ.சி. தலையிலயே ஒட்டிடுங்க," என்றான் கொழுந்தன். "அவர் சாமி கும்பிடறதுகூட அதைப் பார்த்துதான்."

வக்கீலம்மாவின் சிரிப்பு நின்றது. "என்ன சொன்னீங்க?"

"சும்மா சொன்னேங்க."

"சும்மாவே இன்னொரு தடவை சொல்லுங்க." அவர் பேனாவைத் தேடினார். "நீதிபதி கேட்டது அதைத்தானே? இந்த ஆள் எதைப் பார்ப்பார்? கதவுல ஒட்டறது சட்டத்துல எழுதியிருக்கிற ஒரு வழி. அது போதாதுன்னா, சரின்னு படற வேற எந்த வழியில வேணும்னாலும் சேர்ப்பிக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கு. அந்த வழி விநோதமா இருக்கலாம், தப்பில்ல. போய்ச் சேரணும். ஆனா நீங்க பார்த்ததா நீங்க சொன்னா போதாது அக்கா. நீங்க கட்சிக்காரங்க. நீதிமன்றத்து ஆளே பார்க்கணும்."

சம்மன்காரரைப் பெட்டிக்காரர் கண்ணில் படாமல் கொண்டுவருவது கொழுந்தன் பொறுப்பாயிற்று. எடைக்கற்கள் ஏற்றும் வேனுக்குள், மரப்பெட்டிகளுக்கு நடுவில் அவரை உட்காரவைத்து, கதவைச் சாத்தி ஓட்டி வந்தான். இறங்கும்போது அவர், "சான்று குடுங்கம்மா, எத்தனை கிலோன்னு," என்றார். தராசக்கா அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அன்றைக்குச் சந்தேகப்பட்டதற்கு அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "ஒத்தடம் குடுக்க ஒரு பை வாங்கிக் குடுங்க, சரியாப்போச்சு," என்று முடித்துவிட்டார்.

அவரைத் தராசுக்கு எதிரில் உட்காரவைத்தாள். எண்கள் ஆடிக்கொண்டிருந்தன. மேலே தடக், தடக். அவள் வேறு எதையும் தொடவில்லை. ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். ஏ.சி.யை அணைத்தாள்.

"மூச்சு விடலாமாம்மா?"

"அந்தப் பக்கம் திரும்பி விடுங்க."

இயந்திரம் நின்றது. எண்கள் நின்றன. பின்படியில் காலடிச் சத்தம். சம்மன்காரர் பின்பக்கச் சமையலறைக் கதவிடுக்கு வழியாகச் சந்தைப் பார்த்தார்: ஒருவர் இறங்கி வந்து, அட்டைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, வேகமாகப் போனார். "இவர்தான்," என்றாள் தராசக்கா. ஏ.சி.யைப் போட்டார்கள். அட்டைகள் ஆடின, போனவர் திரும்பி வந்தார், இயந்திரம் ஓடியது. சம்மன்காரர் இன்னொரு முறை அணைக்கச் சொன்னார். அதற்கடுத்த முறை அவரே எழுந்து போய் அணைத்தார். ஒவ்வொரு முறையும் அதேதான். கடைசியில், பூட்டிய கதவுகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்த அந்த மனிதரின் முகத்தில் பொம்மை கிடைத்த குழந்தையின் களை வந்துவிட்டது.

தான் பார்த்ததையெல்லாம் அவர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்னார். நீதிபதி கேட்டு முழுவதையும் குறித்துக்கொண்டார். பிறகு, "ஒளிகிறார் என்பது தெரிகிறது. எதைப் பார்க்கிறார் என்பதும் தெரிகிறது," என்றார். "அந்தத் தகரம் யாருடையது?"

"வாதியுடையது," என்றார் வக்கீலம்மா.

"அப்படியானால் பிரதிவாதி அதைத் தொட்டுக் கிழிக்கவும் முடியாது." விடுமுறைக்கு முன்பே விசாரணைக்கு ஒரு தேதியும் குறித்து, உத்தரவை அப்போதே சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, மெக்கானிக்கின் ஏணியைக் கொழுந்தன் பிடித்துக்கொள்ள, மூட்டுவலியைத் திட்டிக்கொண்டே சம்மன்காரர் ஏறினார். ஜன்னலிலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் அச்சடித்து, நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் உறையிட்ட சம்மனை, ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் அந்தத் தகரத்தின் மேல் நான்கு மூலையும் படிய ஒட்டினார். இறங்கிச் சந்திலேயே நின்றுகொண்டு தலையசைத்தார். தராசக்கா உள்ளே போய் ஏ.சி.யை அணைத்தாள்.

தலைக்கு மேல் சத்தம் நின்றது. அவள் சந்துக்கு வந்தபோது, தொங்கும் அட்டைகளை விலக்கிக்கொண்டு ஒரு கை வெளியே வந்தது. அதன் பின்னால் ஒரு தலை. அது முதலில் தெருமுனையைத் தேடியது. பிறகு வழக்கம்போல் கீழே, ஏ.சி.யைப் பார்த்தது. அங்கேயே நின்றுவிட்டது. வரி வரியாக அந்தக் கண்கள் நகர்வதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"எழுத்து தெரியுதா சார்? பெருசா போடச் சொன்னேன்," என்றார் சம்மன்காரர் கீழேயிருந்து.

தலை மேலே பார்க்கவில்லை, கீழே பார்க்கவில்லை. மெல்ல உள்ளே போயிற்று. இந்த முறை பின்படியில் காலடிச் சத்தம் கேட்கவில்லை.

சம்மன்காரர் தன்னிடமிருந்த நகலைச் சுவரில் வைத்து, உத்தரவில் இருந்தபடியே எழுதிக் கையெழுத்திட்டார்: பிரதிவாதி நாள்தோறும் பார்க்கும் ஏ.சி. தகரத்தில், அவருடைய ஜன்னலை நோக்கிச் சம்மன் ஒட்டப்பட்டது, ஏ.சி. நிறுத்தப்பட்டது, பிரதிவாதி ஜன்னலுக்கு வந்து, என் கண்ணெதிரே அதைப் படித்தார், சம்மன் சேர்ப்பிக்கப்பட்டது.